ஒலியில் வாழும் கலைஞர் பி. ரம்லி

வானொலியில் ஒரு பழைய பாடல் ஒலிக்கத் தொடங்குகிறது. வேலையாய் இருந்த பாட்டி, கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு அசையாமல் நிற்கிறார். பாடல் முடியும்வரை அவர் பேசுவதில்லை. அந்தச் சில நிமிடங்களில் அவர் தாம் சிறுமியாய் ஓடித் திரிந்த வீட்டிற்கும், இன்று உயிரோடு இல்லாத மனிதர்களிடமும் போய்த் திரும்பிவிடுகிறார். இப்படி ஒரு காட்சியைப் பலரும் தத்தம் வீட்டில் கண்டிருப்பர். ஒலி நினைவை எழுப்பும். தொடுதலும் அவ்வாறே நினைவை எழுப்பும். பழைய சேலையின் மென்மையும் தேய்ந்துபோன கதவுப் பிடியின் வழவழப்பும் நாம் மறந்துவிட்டதாக எண்ணியவற்றை மீட்டுத் தருகின்றன.

திரைப்படக் கலை இந்த ஆற்றலை நன்கு அறிந்து பயன்படுத்துகிறது. நடிகர்கள் நடிக்கும் படமாயினும் கையால் வரையப்படும் அசைவூட்டப் படமாயினும், பார்வையாளரின் உள்ளத்தைத் தொடுவதற்கு ஒலி பெரிதும் துணைநிற்கிறது. நம் நாட்டில் இவ்வுண்மையைத் தம் கலையின் அடித்தளமாக அமைத்துக்கொண்டவர் பி. ரம்லி. அவர் பாடகர், இசையமைப்பாளர், நடிகர், இயக்குநர் எனப் பல துறைகளில் சிறந்து விளங்கினார். பினாங்கில் பிறந்து, சிங்கப்பூரில் புகழடைந்து, கோலாலம்பூரில் மறைந்த அவரது வாழ்க்கை, ஒலியும் நினைவும் ஒன்றோடொன்று பின்னிய ஒரு கதையாகும்.

தீவின் ஒலிகள்

பி. ரம்லியின் இயற்பெயர் தெயுக்கு சக்காரியா பின் தெயுக்கு நியாக் புத்தே என்பதாகும். அவர் 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் ஜார்ஜ்டவுன் நகரில் பிறந்தார். தந்தையார் சுமத்திராவின் வடமுனையில் உள்ள ஆச்சே வட்டாரத்தைச் சேர்ந்தவர். கப்பலில் வேலை செய்தவர். தாயார் சே மா, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பகுதியில் உள்ள குபாங் புவாயாவைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் அவர் தம் பெயரின் முன்னால் வைத்துக்கொண்ட ‘பி’ என்னும் எழுத்து, தந்தையார் பெயரில் உள்ள ‘புத்தே’ என்னும் சொல்லைக் குறிப்பதாகும். புகழின் உச்சியில் இருந்தபோதும் அவர் தந்தையாரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்தே நடந்தார்.

அவர் வளர்ந்த வீடு கவுண்டர் ஹால் சாலையில் இருந்தது. தூண்கள்மேல் எழுப்பப்பட்ட எளிய மரவீடு அது. தந்தையாரும் உறவினரும் சேர்ந்து 1926ஆம் ஆண்டு அதனைக் கட்டினர். மரவீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒலிகள் மிக நெருக்கமானவை. பலகைத் தரையில் நடப்பவர் யார் என்பதைக் காலடி ஓசையைக்கொண்டே கண்டுகொள்ளலாம். மழை வந்தால் கூரை பேசும். காற்று வந்தால் சாளரக் கதவுகள் பேசும்.

வீட்டுக்கு வெளியே நகரமும் ஒலிகளால் நிறைந்திருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு, குயின் தெருவின் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்து மணியோசை, சீனக் கோயில் திருவிழாக்களின் மேளம், துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் ஊதல், திரிஷா வண்டிகளின் மணி ஆகிய அனைத்தும் சிறிய நிலப்பரப்பிற்குள் ஒலித்தன. பங்சாவான் என்னும் மலாய் இசைநாடகம் இத்தீவில்தான் வேரூன்றியது. போரியா என்னும் பாட்டும் ஆட்டமும் கலந்த கலை, இன்றும் பினாங்கின் அடையாளமாகத் திகழ்கிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், அரபியர், ஆச்சேயர் எனப் பலரும் தத்தம் இசையோடு இங்கு வந்து குடியேறினர். இசையில் நாட்டமுள்ள ஒரு சிறுவனுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைத்திருக்க முடியாது.

காதும் விரலும் கற்ற பாடம்

ரம்லி கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பின்னர் பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பினாங்கு ஃபிரீ பள்ளியிலும் பயின்றார். பாடப் புத்தகங்களைவிட விளையாட்டும் இசையுமே அவரை ஈர்த்தன. சிறுவயதில் உக்குலேலி என்னும் சிறிய நரம்புக்கருவியைக் கையில் எடுத்தார். அடுத்துக் கித்தாரும் வயலினும் அவருக்குப் பழக்கமாயின. கமாருடீன் என்னும் இசையாசிரியர் அவருக்கு இசைக்குறியீடுகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். செவிவழி மட்டும் பாடியவருக்கு இசையை எழுதவும் படிக்கவும் கிடைத்த இப்பயிற்சி, பிற்காலத்தில் பெரும் வாத்தியக் குழுக்களுக்கு இசையமைக்கும் தகுதியை வழங்கியது.

வயலின் வாசிப்பதை உற்று நோக்கினால் ஒலிக்கும் தொடுதலுக்கும் உள்ள உறவு விளங்கும். கருவியைத் தோளில் சாய்த்து, தாடையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நரம்பின் அதிர்வு எலும்பின் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. இடக்கை விரல்கள் பார்வையின் உதவியின்றிச் சரியான இடத்தை நாடிச் செல்லப் பழக வேண்டும். பல மாதப் பயிற்சிக்குப்பின் விரல்களுக்கே நினைவு வந்துவிடுகிறது. உண்மையில் ஒலி என்பதே ஓர் அதிர்வுதான். காற்றில் எழும் அதிர்வு நம் செவிப்பறையைத் தொடுகிறது. அத்தொடுதலையே நாம் கேட்டல் என்கிறோம். பெரிய முரசின் ஓசையைக் காதால் கேட்பதோடு நெஞ்சாலும் உணர்வதற்கு இதுவே காரணம்.

ரம்லியின் பன்னிரண்டாம் வயதில் போர் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டுகளைப் பொழிந்தன. சந்தையும் கடைத்தெருவும் எரிந்தன. சில நாள்களில் தீவு ஜப்பானியரின் கைக்குப் போனது. பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. ரம்லி ஜப்பானியக் கடற்படையினர் நடத்திய பள்ளியில் சேர்ந்து பயின்றார். அங்கும் பாடல்களைக் கற்றார். பஞ்சமும் அச்சமும் சூழ்ந்த மூன்றரை ஆண்டுகள் அவை. அக்காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறையினருக்கு, எச்சரிக்கைச் சங்கின் ஓசை வாழ்நாள் முழுதும் மறக்க முடியாத ஒன்றாகிப் போனது.

போர் முடிந்ததும் இளைஞர்கள் மீண்டும் பாடத் தொடங்கினர். ரம்லி நண்பர்களோடு வாத்தியக் குழு அமைத்துத் திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பாடினார். பாடல்களையும் இயற்றலானார். அத்தொடக்கக் காலப் பாடல்களுள் ஒன்றுதான் ‘அசிசா’. 1947ஆம் ஆண்டு நடைபெற்ற வட மலாயாப் பாடகர் போட்டியில் அவர் முதற்பரிசை வென்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

ஒரு குரல் திரைக்குச் சென்ற கதை

உலகத் திரையுலகம் அப்போதுதான் ஒலியைக் கையாளக் கற்றுக்கொண்டிருந்தது. ரம்லி பிறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம், வால்ட் டிஸ்னியின் ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் அசைவூட்டப் படம் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. அதில் மிக்கி எலி பானைகளையும் தட்டுகளையும் தட்டி இசை எழுப்பியது. வரைந்த உருவத்தின் கை பட்டதும் சரியான கணத்தில் ஓசை எழுந்ததைக் கண்டு மக்கள் வியந்தனர். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. சிங்கப்பூரில் உருவான முதல் மலாய்ப் படமான ‘லைலா மஜ்னுன்’ படமும் அதே பத்தாண்டுக்குள் வந்தது. அதனை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ்.

1948ஆம் ஆண்டு அதே ராஜ்ஹான்ஸ், புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் ரம்லியின் பாடலைக் கேட்டார். அக்குரல் அவர் மனத்தில் பதிந்தது. ரம்லியைச் சிங்கப்பூருக்கு வருமாறு அழைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பத்தொன்பது வயது இளைஞர் பினாங்கைவிட்டுப் புறப்பட்டார். முகத்தையோ நடிப்பையோ நம்பி அவர் அழைக்கப்படவில்லை. குரல்தான் அவருக்கு வாய்ப்பைப் பெற்றுத் தந்தது.

ஷா சகோதரர்களுக்குச் சொந்தமான படப்பிடிப்பு நிலையம் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் இருந்தது. ரம்லி அங்குப் பின்னணிப் பாடகராகவும் சிறு வேடங்களில் நடிப்பவராகவும் சேர்ந்தார். 1948இல் வெளிவந்த ‘சிந்தா’ அவரது முதற்படம். 1950இல் ‘பக்தி’ என்னும் படத்தில் கதைநாயகனாக உயர்ந்தார். அப்படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். ஒரே தீவில் வளர்ந்த இருவர் சிங்கப்பூரில் சந்தித்து ஒரு கலைஞனை உலகுக்குக் காட்டியது, மலாய்த் திரையுலகின் பல்லினத் தோற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்நிலையத்தில் இந்தியர் இயக்கினர். சீனர் முதலீடு செய்தனர். மலாய்க் கலைஞர்கள் நடித்தனர், பாடினர்.

ரம்லி படப்பிடிப்பு இல்லாத நேரத்திலும் நிலையத்தைவிட்டு அகலவில்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றை அருகிருந்து கற்றார். 1955இல் ‘பெனாரிக் பேச்சா’ என்னும் படத்தைத் தாமே இயக்கினார். ஏழைத் திரிஷா ஓட்டுநர் ஒருவரின் வாழ்வைச் சொல்லும் படம் அது. பினாங்கில் இளமையில் இயற்றிய ‘அசிசா’ பாடலை அப்படத்தில் சேர்த்தார். தீவில் பிறந்த மெட்டு, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து நாடெங்கும் ஒலித்தது. இவ்வாறு தம் நினைவிலிருந்த ஒலியை மற்றவர்களின் நினைவாக மாற்றுவதே அவரது கலையாக அமைந்தது.

அடுத்த ஆண்டுகளில் விருதுகள் தொடர்ந்தன. பானி மஜும்தார் இயக்கிய ‘ஹாங் துவா’ படத்திற்கு ரம்லி அமைத்த இசை, 1956ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த இசைக்கான விருதைப் பெற்றது. ‘அனாக்கு சசாலி’ படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்ததற்காக, 1957ஆம் ஆண்டு தோக்கியோவில் சிறந்த நடிகருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. ‘புஜாங் லாப்போக்’ வரிசைப் படங்கள் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தன.

கண் மூடிய பின்னும் கேட்கும் கதை

ரம்லியின் படங்களுள் ஒலியும் தொடுதலும் நினைவும் ஒன்றுகூடும் படம், 1962ஆம் ஆண்டு அவர் இயக்கி நடித்த ‘இபு மெர்துவாக்கு’ என்பதாகும். இதற்கு ‘என் மாமியார்’ என்று பொருள். காசிம் செலாமாட் என்னும் சாக்சபோன் கலைஞன் இதன் நாயகன். செல்வந்தர் வீட்டுப் பெண்ணான சபரியா, வானொலியில் அவன் வாசிப்பைக் கேட்டு மனத்தைப் பறிகொடுக்கிறாள். இருவரும் முதலில் தொலைபேசியில் பேசிப் பழகுகின்றனர். முகம் காணும் முன்னரே குரலைக் கேட்டுத்தான் அவர்களது அன்பு தொடங்குகிறது.

கலைஞன் என்றாலே ஏளனமாய் எண்ணும் மாமியார், மகளைச் செல்வம் இன்றி வெளியேற்றுகிறார். புதுமணத் தம்பதி பினாங்கிற்குச் சென்று வறுமையில் வாழ்கின்றனர். கருவுற்ற சபரியா சிங்கப்பூருக்குத் திரும்புகிறாள். பிள்ளைப்பேற்றில் அவள் இறந்துவிட்டதாக மாமியார் பொய்ச் செய்தி அனுப்புகிறார். அதை நம்பிய காசிம், அழுது அழுது பார்வையை இழக்கிறான். அன்புள்ள ஒரு தாயும் மகளும் அவனுக்கு அடைக்கலம் தருகின்றனர். சாக்சபோன் மீண்டும் அவன் கைக்கு வருகிறது. கண்கள் இருண்டபோதும் விரல்கள் எதையும் மறக்கவில்லை. வேறு பெயரில் மேடையேறிப் புகழ் பெறுகிறான். சிங்கப்பூரில் நடந்த நிகழ்ச்சியில் அவன் இசைப்பதைச் சபரியா காண்கிறாள். அவளோ இப்போது ஒரு கண் மருத்துவரின் மனைவி. அம்மருத்துவரே காசிமின் பார்வையை மீட்டுத் தருகிறார். பார்வை திரும்பியபின் தான் ஏமாற்றப்பட்ட உண்மையை அறியும் காசிம், மனமுடைந்து அப்பார்வையை மீண்டும் இழந்து நிற்பதோடு கதை துயரமாய் முடிகிறது.

இப்படத்தில் இயக்குநர் கையாண்ட உத்தியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நாயகனுக்குப் பார்வை போனதும், அவனுடைய உலகத்தைப் பார்வையாளர் காதால் அறிய வேண்டியதாகிறது. தடுமாறும் கால், தூணைத் தேடும் கை, கருவியைத் தழுவும் விரல் ஆகியவை பேச்சுக்குப் பதிலாகக் கதையைச் சொல்கின்றன. முன்பு மகிழ்ச்சியான வேளையில் கேட்ட சாக்சபோன், பின்பு துயரமான வேளையில் ஒலிக்கிறது. கருவி அதேதான், ஆனால் இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த அனைத்தும் அந்த ஓசையில் ஏறி அமர்ந்துவிடுகின்றன. அவ்வோசையைக் கேட்டதும் நாயகனும் அழுகிறான். படம் பார்ப்பவரும் அழுகிறார். பாத்திரத்தின் நினைவை, ஒரே படத்திற்குள் பார்வையாளரின் நினைவாகவும் ஆக்கிவிடுவதே இவ்வுத்தியின் சிறப்பு.

இன்னொரு செய்தியும் வியப்பளிப்பது. திரையில் ரம்லியின் விரல்கள் சாக்சபோன்மீது அசைந்தாலும், நாம் கேட்கும் இசையை வாசித்தவர் யூசோஃப் பி. என்னும் கலைஞர். ஒருவருடைய விரலும் மற்றொருவருடைய மூச்சும் சேர்ந்தே காசிம் செலாமாட் என்னும் பாத்திரம் உயிர்பெற்றது. 1963ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில், இப்படத்திற்காக ரம்லி பன்முகத் திறனாளர் என்னும் சிறப்பு விருதைப் பெற்றார்.

கையால் செய்யப்படும் ஓசை

திரையில் நாம் கேட்கும் ஓசைகளுள் பல, படப்பிடிப்பின்போது பதிவானவை அல்ல. பிறகு தனி அறையில் உருவாக்கிச் சேர்க்கப்படுபவை. இக்கலைக்கு அமெரிக்கக் கலைஞர் ஜாக் ஃபோலியின் பெயரால் ஃபோலி கலை என்று பெயர். ஃபோலிக் கலைஞர் திரையைப் பார்த்தபடியே காலணியைத் தரையில் தேய்ப்பார், துணியைக் கசக்குவார், சிரட்டைகளைத் தட்டிக் குதிரைக் குளம்போசையை எழுப்புவார். திரையில் தோன்றும் தொடுதல் ஒவ்வொன்றும், அந்த அறையில் வேறொருவரின் கை செய்யும் தொடுதலால் ஒலி பெறுகிறது.

அசைவூட்டப் படத்திற்கு இக்கலை இன்னும் இன்றியமையாதது. வரைந்த உருவத்திற்கு எடையில்லை, மூச்சில்லை, அது நடந்தால் ஓசை எழாது. தாளில் வரைந்த இலை வெறும் கோடுதான். சலசலப்பு ஓசை சேர்ந்ததும் அது காற்றில் ஆடும் இலையாகிவிடுகிறது. பலகைத் தரையின் கிறீச்சிடும் ஓசை சேர்ந்ததும் வரைந்த வீடு யாரோ வாழ்ந்த வீடாகிவிடுகிறது. நம் நாட்டில் ஆனந்தம் சேவியர் இயக்கிய ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ என்னும் குறும்படம், அசைவூட்டப் படத்துறைக்கு முன்னோடியாக அமைந்தது. பாட்டியர் சொல்லக் கேட்ட சருகுமான் கதைக்கு அது உருவமும் ஓசையும் தந்தது.

2017ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோகோ’ என்னும் அசைவூட்டப் படத்தைப் பலர் பார்த்திருப்பர். அதில் எல்லாவற்றையும் மறந்துகொண்டிருக்கும் ஒரு மூதாட்டி, தந்தை தமக்காகப் பாடிய பாடலைக் கொள்ளுப்பேரன் கித்தாரில் மீட்டிப் பாடக் கேட்டதும் தந்தையை நினைவுகூர்கிறார். கேட்ட பாடல் நினைவை மீட்கும் என்னும் அதே உண்மையை, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், குறைந்த வசதிகளைக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படத்தில் ரம்லி காட்டியிருந்தார். நடிகர் நடித்த படமும் வரைந்த படமும் வேறு வேறு கலைகள். எனினும் மனித உள்ளத்தின் எந்தக் கதவை எதனால் தட்ட வேண்டும் என்பதில் அவை இரண்டும் ஒன்றுபடுகின்றன.

புகழும் புறக்கணிப்பும்

1964ஆம் ஆண்டு ரம்லி தம் மனைவியும் பாடகியுமான சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றினார். சிங்கப்பூரில் இருந்த வசதிகளும் அனுபவமிக்க குழுவும் அங்கு இல்லை. காலமும் மாறிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் மின்கித்தார் குழுக்களின் இசையை நாடினர். வெளிநாட்டு வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தன. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்தது. ரம்லியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் முன்போல் ஓடவில்லை. ஒரு காலத்தில் நாடே கேட்ட குரலைக் கேட்க ஆள் குறைந்தது.

ஆயினும் அவர் உழைப்பை நிறுத்தவில்லை. தொடர்ந்து படம் எடுத்தார், பாடல்கள் இயற்றினார். 1972இல் வெளிவந்த ‘லக்சமானா டோ ரே மி’ அவரது கடைசிப் படமாயிற்று. 1973ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்குதான். கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்த படங்கள் 60க்கும் மேற்பட்டவை. இயக்கியவை 30க்கும் மேற்பட்டவை. இசையமைத்த பாடல்கள் 200க்கும் மேற்பட்டவை. இவ்வளவும் கால் நூற்றாண்டுக் காலத்தில் ஒரு மனிதர் செய்த பணி.

அவர் மறைந்த பிறகே நாடு தன் இழப்பை உணர்ந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அவருடைய பாடல்களையும் படங்களையும் மீண்டும் மீண்டும் ஒலிபரப்பின. அவர் வாழ்ந்த காலத்தில் பிறக்காதவர்களும் அவர் பாடல்களை முணுமுணுத்தனர். 1986ஆம் ஆண்டு, கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அவர் கடைசியாய் வாழ்ந்த வீடு நினைவகமாயிற்று. 1990ஆம் ஆண்டு டான் ஶ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. வாழும் காலத்தில் கிடைக்காத மதிப்பு, இறந்தபின் மலைபோல் குவிவது கலைஞர்கள் பலருக்கு நேர்ந்த விதி. பாராட்ட வேண்டியவர்களை அவர்கள் கேட்கும் காலத்திலேயே பாராட்ட வேண்டும் என்பதை ரம்லியின் இறுதி ஆண்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

காக்கப்பட வேண்டிய ஒலி

ரம்லியின் குரல் நமக்குக் கிடைத்ததற்கு அவர் திறமை மட்டும் காரணமன்று. அது படச்சுருளில் பதிவாகி, அப்படச்சுருள் காக்கப்பட்டதும் காரணமாகும். எல்லாப் படங்களுக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1957ஆம் ஆண்டு பி. என். ராவ் இயக்கத்தில் வெளிவந்த ‘பொந்தியானாக்’ படம், அந்நாளில் மக்கள் திரண்டு சென்று பார்த்த படம். இன்று அதன் பிரதி எங்கும் கிடைப்பதில்லை. அதில் பேசியவர்களின் குரலும், பாடியவர்களின் பாடலும் அதோடு போய்விட்டன. ஓலைச்சுவடிகள் கறையானுக்கு இரையானபோது தமிழ் இழந்த நூல்களை நாம் இதனோடு ஒப்பிட்டு எண்ணலாம். எழுத்து அழிந்தால் அறிவு அழிகிறது. ஒலி அழிந்தால் ஒரு காலத்தின் மூச்சே நின்றுபோகிறது.

ஜார்ஜ்டவுனில் ரம்லி பிறந்த மரவீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் சீரமைத்துப் பாதுகாத்து வருகிறது. அவ்வீடு அமைந்துள்ள சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. படியேறி உள்ளே செல்வோர், பலகைத் தரை காலடியில் அதிர்வதை உணரலாம். பாயும் பானையும் பழைய மரச்சாமான்களும் ஓர் எளிய குடும்பத்தின் வாழ்வைக் கண்முன் நிறுத்துகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த விருதைவிட, ஒரு சிறுவன் ஓடி விளையாடிய பலகையை மிதிக்கும்போது அவன் வாழ்க்கை நமக்கு அதிகம் நெருங்கி வருகிறது.

1960ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ படத்திற்காக ரம்லி இசையமைத்துப் பாடிய பாடல் ஒன்று இன்றும் நாடெங்கும் பாடப்படுகிறது. அதன் பெயர் ‘கெத்தாரான் ஜீவா’. தமிழில் அதனை உள்ளத்தின் அதிர்வு எனலாம். இசையைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. நரம்பில் தொடங்கிய அதிர்வு காற்றைத் தொடுகிறது; காற்று செவியைத் தொடுகிறது; செவி உள்ளத்தைத் தொடுகிறது. உள்ளம் அதிர்ந்ததும் நினைவு விழித்துக்கொள்கிறது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் காக்கப்பட வேண்டிய ஒலிகள் உள்ளன. தாத்தா தோட்டப்புறத்தில் கேட்ட பிரட்டுக்களத்து மணி, பாட்டி பாடிய தாலாட்டு, அம்மி அரைக்கும் ஓசை ஆகியவற்றை அறிந்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பர். அவர்களிடம் கேளுங்கள், அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். கைப்பேசி உள்ள அனைவருக்கும் இன்று அது எளிது. அன்று பினாங்கின் மரவீட்டுச் சிறுவன் ஒருவன் தன்னைச் சுற்றி ஒலித்தவற்றைக் கவனமாகக் கேட்டான். அவன் கேட்டதன் பயனை ஒரு நாடே இன்றும் துய்த்து வருகிறது.